கூழிலிருந்து கோதுமை ரொட்டி வரை: சப்பிரகமுவத் தோட்டப் பெண்களின் உணவும் உடலும்

பெல்மதுளையிலிருந்து கஹவத்தை, கொடகவெல ஊடாகத் தெற்கே இறங்கும் பெருவீதி எம்பிலிப்பிட்டியவை அடையும்போது நிலத்தின் தோற்றம் முற்றாக மாறிவிடுகின்றது. தேயிலையும் இறப்பரும் மூடிய சரிவுகள் பின்னே நின்றுவிட, வளவை நீரால் விளையும் வயல்களும் அவற்றுக்கப்பால் செவனகலைக் கரும்பும் கண்முன் விரிகின்றன. மேலே தோட்டங்களிலே தமிழ்த் தொழிலாளர். கீழே சமவெளியிலே சிங்களக் குடியானவர். மொழியாலும் மதத்தாலும் வரலாற்றாலும் வேறுபட்ட இவ்விரு சாராரையும் ஒரே வாங்கில் அருகருகே அமர்த்தும் இடமொன்று இன்று உண்டு. அது நீரிழிவுச் சிகிச்சை நிலையம். அங்கு வரும் நடுத்தர வயதுப் பெண்களுக்கு, அவர்கள் எச்சாராராயினும், கூறப்படும் அறிவுரை ஒன்றே: எடையைக் குறையுங்கள், சோற்றையும் கோதுமை மாவையும் சீனியையும் குறைத்துக் குரக்கன், பயறு, கடலை, கீரை ஆகியவற்றைக் கூட்டுங்கள்.

அறிவுரை தவறானதன்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆய்வுகள் அதன் பின்னால் உள்ளன. ஆயின் அது இப்பெண்களின் உணவை அவரவர் விருப்பின்பாற்பட்டதாகக் கொள்கின்றது. கோதுமை மாவை இவர்களுக்காகத் தெரிந்தெடுத்தவர் யார், எப்பொழுது, எதன்பொருட்டு என்னும் வினாக்கள் அங்கு எழுவதில்லை. அவ்வினாக்களையே இக்கட்டுரை எழுப்ப முற்படுகின்றது. நாம் மருத்துவர் அல்லோம். இலக்கியமும் சமூக வரலாறுமே எமது துறைகள். எனினும், உழைப்பாளியின் உடல் மருத்துவரின் தனியுடைமையாக ஒருபோதும் இருந்ததில்லை. துரைமாரும் கங்காணிமாரும் கணக்கப்பிள்ளைமாரும் மருத்துவருக்கு முன்னரே அதனை அளந்துவிட்டனர்.

1

முதலில் விஞ்ஞானம் கூறுவதைச் சுருக்கமாக நோக்குவோம். 1981ஆம் ஆண்டில் கனடாவின் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்சும் அவர்தம் சகாக்களும் 62 உணவுகளையும் வெல்லங்களையும் ஆரோக்கியமான தொண்டர்களுக்குத் தனித்தனியே வெறுவயிற்றிற் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பின்னர் குருதியிற் குளுக்கோசு ஏறி இறங்கும் பாங்கினை அளந்தனர். தூய குளுக்கோசுக்கு 100 என மதிப்பிட்டு ஏனையவற்றை அதனோடு ஒப்பிட்டனர். இங்ஙனம் பிறந்ததே கிளைசீமியச் சுட்டெண். இன்றைய வழக்கில் 55உம் அதற்குக் குறைந்ததும் தாழ்ந்த சுட்டெண். 70உம் அதற்கு மேற்பட்டதும் உயர்ந்த சுட்டெண். சீனி விரைவாகக் குருதியிற் கலக்கும், மாப்பொருள் மெதுவாகக் கலக்கும் என்று பாடநூல்கள் கூறிவந்த எளிய பாகுபாடு இந்த அட்டவணையினால் உடைந்தது. நன்கு அரைத்து வேகவைத்த மாப்பொருள் சீனியோடு போட்டியிட்டது. மறுதலையாக, உலர்ந்த அவரையினங்களின் சராசரி வெறும் 31ஆகவே இருந்தது. தானியம் முழுமையாக இருக்கின்றதா, மாவாக அரைபட்டதா, அதன் மாப்பொருளில் அமைலோசு எவ்வளவு, அதனோடு சேர்த்து உண்ணப்படுவது யாது என்பனவெல்லாம் இவ்வெண்ணைத் தீர்மானிக்கின்றன.

இவ்வெண் பிறந்தது நீரிழிவு பற்றிய ஆய்விலிருந்து. பின்னரே அது உடற்பருமன் பற்றிய ஆய்வினுட் புகுந்தது. குருதிவெல்லம் விரைந்து ஏறின் இன்சுலின் மிகுதியாகச் சுரக்கும். இன்சுலின் மிகின் கொழுப்புச் சேரும், பசியும் விரைவில் மீளும். ஆகவே தாழ்ந்த சுட்டெண் உணவு எடையைக் குறைப்பதோடு, தசையைக் காத்துக் கொழுப்பை மட்டும் கரைக்கும் என்பது கருதுகோள். 2002இற் பாரிசில் மிதமிஞ்சிய எடையுள்ள ஆண்களிடையே ஐந்து வாரம் நடத்தப்பட்ட ஆய்வொன்று இதனை ஆதரித்தது: உடற்கொழுப்புக் குறைந்தது. 2004இற் கொப்பன்ஹேகனில் மிதமிஞ்சிய எடையுள்ள பெண்களிடையே பத்து வாரம் நடத்தப்பட்ட ஆய்வு அதனை ஆதரிக்கவில்லை: தாழ்ந்த சுட்டெண் உணவு உண்டோருக்கும் உயர்ந்தது உண்டோருக்கும் எடைக் குறைவில் வேறுபாடு காணப்படவில்லை, தீய கொலஸ்திரோல் மட்டும் முன்னையோரிற் குறைந்தது. 2007இல் கொக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு தாழ்ந்த சுட்டெண் உணவுக்குச் சிறியதோர் அனுகூலம் கண்டது. 2023இல் அதே அமைப்பு வெளியிட்ட புதிய தொகுப்பாய்வோ எடையைப் பொறுத்தவரை வேறுபாடு சிறிது அல்லது இல்லை என்ற முடிவுக்கு வந்தது. ஆண்களிடம் கண்டதைப் பெண்களுக்கும், ஐந்து வாரத்திற் கண்டதை ஆயுளுக்கும் பொதுமைப்படுத்தும் அவசரம் பிரபல உணவு நூல்களுக்கு உண்டு, விஞ்ஞானத்துக்கு இல்லை. நீரிழிவாளரின் குருதிவெல்லத்தைக் கட்டுப்படுத்துவதில் இச்சுட்டெண் பயனுடையது என்பதையும், பருமனான பெண்ணின் உடற்கூட்டமைவை அது தனியே மாற்றிவிடும் என்பது நிறுவப்படவில்லை என்பதையும் ஒருங்கே ஏற்றுக்கொள்வதே நேர்மையானதெனத் தோன்றுகின்றது.

இவ்வாய்வுகளில் எம் கவனத்தை ஈர்த்த வேறொன்றுண்டு. எட்டு ஐரோப்பிய நாடுகளில் நடத்தப்பட்டு 2010இல் வெளிவந்த டயோஜினிஸ் ஆய்வு, முதலில் எடை குறைத்தவர்கள் புரதம் கூடிய, சுட்டெண் தாழ்ந்த உணவை உண்டபோது இழந்த எடை மீளாது காத்தனர் என்று காட்டியது. இத்துறையிற் பெரிதும் எடுத்துக்காட்டப்படும் ஆய்வு இது. அதன் இரு நிலையங்களில், கொப்பன்ஹேகனிலும் மாஸ்ற்றிக்ற்றிலும், பங்குபற்றியோர் ஆய்வாளர் அமைத்த கடையிலிருந்து ஆறு மாதம் உணவுப்பொருள்களை இலவசமாகப் பெற்றனர். அதாவது விலை என்னும் காரணி பரிசோதனையிலிருந்து அகற்றப்பட்டது. ஆய்வு முறையியலின்படி இது சரியே. ஆனால் சப்பிரகமுவத் தோட்டங்களின் நூற்றைம்பது ஆண்டு வரலாற்றில் விலையும் கூலியுமே உணவைத் தீர்மானித்தன. பரிசோதனையில் அகற்றப்பட்டதுவே இங்கு வரலாறாக இருந்தது.

2

தோட்டத் தொழிலாளரின் மூதாதையர் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளின் வானம் பார்த்த நிலங்களிலிருந்து வந்தோர். அந்நிலங்களில் நெல் செல்வரின் உணவு. உழைப்போர் உண்டவை கேழ்வரகு, கம்பு, சோளம், சாமை, வரகு ஆகியனவும் அவற்றோடு கொள்ளு, மொச்சை, துவரை என்பனவுமாம். கூழும் களியும் அன்றாடம், நெற்சோறு திருநாளுக்கு. இதனை ஒரு பொற்காலமாகக் காட்ட நாம் முற்படவில்லை. 1876-78 சென்னை மாகாணப் பெரும்பஞ்சம் இம்மக்களை எவ்வாறு கடலுக்கப்பால் தள்ளியது என்பது அறியப்பட்டதே. கூழ் சுவைக்காகக் குடிக்கப்பட்டதன்று. வந்தோருட் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பதையும் மறத்தலாகாது. ஆண்டையின் வீட்டில் வெந்த நெற்சோற்றின் மணத்தை வெளியே நின்று அறிந்த மக்கள் அவர்கள்.

தோட்டம் அவர்களுக்கு அரிசியைக் கொடுத்தது. இன்னும் துல்லியமாகக் கூறின், அரிசியைக் கொடுத்து அதன் விலையைக் கூலியிற் கழித்தது. கோப்பிக் காலத்திலும் அதன்பின் தேயிலை, இறப்பர்க் காலங்களிலும், பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த அரிசி தோட்டத்துப் பண்டசாலையில் அளக்கப்பட்டுத் தொழிலாளியின் கணக்கில் எழுதப்பட்டது. கங்காணியின் கடனும் அரிசியின் கடனும் சேர்ந்தே அவனைத் தோட்டத்தோடு பிணித்தன. அரிசி ஊதியத்தின் ஒரு வடிவம் ஆனபோது அது இரு முகங்களைப் பெற்றது. ஒரு முகத்தில் அது சாதியத்தின்மீது பெற்ற சிறு வெற்றி: பறை அடித்தவன் மகளும் அன்றாடம் நெற்சோறு உண்டாள். மறு முகத்தில் அது சிறுதானியமும் பருப்பும் கலந்த பல்வகை உணவை ஒற்றை மாப்பொருளாகச் சுருக்கிற்று. மார்க்ஸ் உழைப்புச் சக்தியின் பெறுமதியைப் பற்றிக் கூறுமிடத்து, உழைப்பாளியின் தேவைகளில் வரலாற்றுக் கூறொன்று உண்டென வலியுறுத்துவார். தோட்டத்தில் அவ்வரலாற்றுக் கூறு அரிசிப் படியில் அளக்கப்பட்டது. வயிற்றை நிரப்பும் மிக மலிந்த பண்டம் எதுவோ அதுவே கூலியின் அளவுகோலாயிற்று.

கூலியிலும் பெண்ணுக்கு ஒரு படி குறைவு. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் 1929இல் நடைமுறைக்கு வந்த நாட்கூலி மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். இடைநாட்டில் 52உம் 41உம். தாழ்நாட்டில் 50உம் 40உம். சப்பிரகமுவத் தோட்டங்களிற் பெரும்பாலானவை பின்னைய இரு பிரிவுகளைச் சேர்ந்தவை. ஆகவே கேகாலை, இரத்தினபுரி இறப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பால்வெட்டச் சென்ற பெண், சட்டத்தின் ஏணியில் மிகக் கீழான படிகளிலே நின்றாள். ஆண் பெண் கூலி சமமாவதற்கு 1984ஆம் ஆண்டின் வேலைநிறுத்தம் வரை, அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்விடத்து ஒரு செய்தியைக் குறிப்பிடல் தகும். அரிசி என்பதும் ஒரே பொருளன்று. இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரி நோயால் ஆயிரக்கணக்கில் மடிந்தபோது, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் பெரிதும் தப்பினர். 1905இற் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெச்சர் என்ற மருத்துவர் நோயாளரை இரு பாதியாகப் பிரித்து ஒரு பாதிக்குப் புழுங்கலரிசியும் மறு பாதிக்குத் தீட்டிய பச்சரிசியும் கொடுத்து இதனைச் சோதித்தார். நெல்லைப் புழுக்கும்போது உமியோடு ஒட்டிய உயிர்ச்சத்து அரிசியினுட் புகுகின்றது என்பது பின்னரே விளங்கிற்று. பொதுவாகப் புழுங்கலரிசியின் கிளைசீமியச் சுட்டெண்ணும் பச்சரிசியினதிலும் தாழ்ந்தது என்பது இன்றைய அறிவு. தமிழ்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட ஒரு சமையலறைத் தொழில்நுட்பம் உயிர்காக்கும் விஞ்ஞானமாக இருந்தது. அதனைக் கண்டறிந்த பெருமை குடியேற்ற நாட்டு மருத்துவர்களுக்குப் போயிற்று. தோட்டத்துப் பெண்ணின் உடலில் குடியேற்ற மருத்துவம் காட்டிய அக்கறையின் அளவும் இதுபோன்றதே. 1916 முதல் றொக்பெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது துரைமாரை இணங்கவைத்த வாதம், சோகை நீங்கிய கூலி கூடுதலாக உழைப்பான் என்பதே.

3

சமவெளிக்குத் திரும்புவோம். வளவைத் திட்டத்துக்கு முன்னைய எம்பிலிப்பிட்டியச் சுற்றுப்புறம் சேனைப் பயிர்ச்செய்கை நிலம். அங்கும் குரக்கனே உணவின் முதுகெலும்பு. ரொட்டியாகவும் தலப்பவாகவும் அது உண்ணப்பட்டது. குரக்கனும் கேழ்வரகும் ஒன்றே. மலையில் ஏறிய தமிழ்ப் பெண்ணின் பாட்டியும் சமவெளியிற் சேனை வெட்டிய சிங்களப் பெண்ணின் பாட்டியும் ஒரே தானியத்தை இரு பெயரால் அழைத்தனர். முன்னவளிடமிருந்து அதனைக் கூலிமுறை பறித்தது. பின்னவளிடமிருந்து நீர்ப்பாசனத் திட்டம் அதனை அகற்றியது: 1960களில் உடவளவை நீர்த்தேக்கம் எழுந்தது, சேனைகள் வயலாயின; 1980களிற் கரும்பு வந்தது. நெல்லும் சீனியும் விளையும் நிலத்திற் குரக்கனை இன்று கடையில் வாங்கவேண்டியுள்ளது. இன ஒற்றுமை பற்றி மேடைகளிற் பேசுவோர் இந்த ஒற்றுமையை இன்னும் கவனிக்கவில்லை.

குரக்கனையும் நாம் மந்திரப் பொருளாக்கிவிடலாகாது. ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர் இலங்கை உணவுகளை அளந்தபோது, குரக்கன் மா ரொட்டியின் சுட்டெண் கோதுமை மா ரொட்டியினதற்கு மிக அண்மையிலேயே காணப்பட்டது. கடலையோ மிகத் தாழ்ந்து நின்றது. நுண்ணிதாக அரைபட்ட எம்மாவும் குருதியில் விரைந்தே கலக்கும் போலும். ஆகவே இழப்பின் பெயர் குரக்கன் அன்று. கரடுமுரடாக இடித்த தானியத்தோடு பருப்பும் பயறும் கொள்ளும் கீரையும் சேர்ந்துவரும் உணவுமுறையே இழக்கப்பட்டது.

பருப்பு என்றதும் கேகாலை மாவட்டம் நினைவுக்கு வருகின்றது. 1934-35இல் மலேரியாக் கொள்ளைநோய் அம்மாவட்டத்தைச் சூறையாடியபோது சூரியமல் இயக்க இளைஞர் நிவாரணப் பணிக்கு இறங்கினர். பசியால் நலிந்த உடலையே மலேரியா கொல்கின்றது என்பதை நேரிற் கண்ட கலாநிதி என். எம். பெரேரா பருப்பை வழங்கினார். மக்கள் அவரைப் ‘பரிப்பு மாத்தயா’ என்றழைத்தனர். 1936இல் அம்மாவட்டத்து ருவன்வெல்லைத் தொகுதி அவரை அரசுப் பேரவைக்கு அனுப்பியது. இலங்கை இடதுசாரி இயக்கத்தின் பிறப்போடு ஒரு பிடி பருப்புச் சேர்ந்திருப்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. ஆயின் வரலாறு அங்கு நிற்கவில்லை. 1970 முதல் 1975 வரை நிதியமைச்சராக இருந்தவரும் அவரே. அந்நியச் செலாவணி நெருக்கடியில் மைசூர்ப் பருப்பின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டதும் அக்காலத்திலேயே. தனிமனிதர் ஒருவரைக் குறைகூற இதனை நாம் எடுத்துரைக்கவில்லை. எண்ணெய் விலையும் உலகச் சந்தையும் ஒரு சிறு நாட்டின் கழுத்தை நெரித்த காலம் அது. எனினும் எமது அணியின் உணவு அரசியல் பருப்பிற் பிறந்து அரிசிப் படியில் முடிந்தது என்பதை மறைப்பதற்கில்லை. 1953 ஆகஸ்ட் ஹர்த்தால் அரிசி விலைக்கெதிராக எழுந்தது. 1970 தேர்தல் வாக்குறுதி இரண்டு கொத்து அரிசி. அரிசி கிடைத்தால் மக்கள் உண்டனர் என்று பொருள் கொண்டோம்.

அரிசிக்கும் சப்பிரகமுவ இறப்பருக்கும் இடையிலான உறவு தனிக் கட்டுரைக்குரியது. 1952இற் சீனத்தோடு செய்யப்பட்ட உடன்படிக்கையின்படி ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் சென்றது. 2,70,000 தொன் அரிசி வந்தது. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் பால்வெட்டிய கைகள் இத்தீவு முழுவதற்கும் சோறு வரவழைத்தன. அக்கைகளுக்கு உரியோர் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தாற் பெரும்பாலும் நாடற்றோராக்கப்பட்டிருந்தனர்.

கோதுமை மாவின் வருகை இதனினும் முன்னையது. 1942இல் பர்மா யப்பானியர் வசமாகி அரிசி வரவு நின்றபோது பங்கீடு தொடங்கிற்று. அரிசியின் குறையை மா நிரப்பியது. போர் முடிந்தும் மா போகவில்லை. அமெரிக்க உபரிக் கோதுமை உதவியென்ற பெயரில் வந்தது. 1980இல் திருகோணமலையில் பிறீமா ஆலை இயங்கத் தொடங்கியபின் மா நாடெங்கும் மலிந்தது. தோட்டத்தில் அது வேரூன்றியமைக்கு வேறொரு காரணமும் உண்டு. அதிகாலை நான்கு மணிக்கு எழும் பெண், பெரட்டுக்கு முன் நீர் பிடித்து, பிள்ளைகளை ஆயத்தப்படுத்தி, மலைக்குக் கொண்டுபோக உணவும் சமைக்கவேண்டும். சோற்றுக்குக் கறி வேண்டும். ரொட்டிக்குச் சம்பல் போதும், சிலவேளை சீனி போட்ட வெறுந்தேத்தண்ணி போதும். ரொட்டி பழுதடையாது, கொழுந்துக் கூடையோடு மலையேறும், நின்றபடியே உண்ணலாம். கோதுமை ரொட்டி தோட்ட வேலைநேரத்தின் சமையல் வடிவம். சீனியும் தேநீரும் ஆங்கிலத் தொழிலாளியின் அடுப்பை எவ்வாறு மாற்றின என்பதைச் சிட்னி மின்ற்ஸ் 1985இல் வெளிவந்த தமது நூலில் விரிவாக ஆராய்ந்தார். தேயிலையைக் கொய்த கையும் அதே இனிப்பு நீரில் அதே ரொட்டியைத் தோய்த்தது என்பது அந்நூலுக்குச் சப்பிரகமுவ எழுதவேண்டிய அடிக்குறிப்பு.

4

இனி 1973-74. தோட்டங்களில் இன்றும் அது பஞ்சகாலம் என்றே வழங்கும். பங்கீட்டு அரிசியும் மாவும் குறைந்தன. வெளிச்சந்தை விலை கூலிக்கு எட்டவில்லை. அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தனியார் கொண்டுசெல்வது கட்டுப்படுத்தப்பட்டிருந்தமையால், வளவைச் சமவெளியில் விளைந்த நெல் சிலமணி நேரப் பயணத் தொலைவிலுள்ள மலைக்கு எளிதில் ஏறவில்லை. கிராமத்தவனுக்கு ஒரு மரவள்ளித் துண்டமோ ஒரு பலாமரமோ இருந்தது, லயத்துக்கு நிலமில்லை. தோட்டத்துறையின் இறப்பு வீதம் தீவின் சராசரியைவிட மிக உயர்ந்தது. இறந்தோருட் சிசுக்களும் பலர். பிறந்து பிழைத்த பெண்குழந்தைகளும் இருந்தனர். அவர்களுக்கு இன்று ஐம்பது வயது. நீரிழிவுச் சிகிச்சை நிலையத்தின் வாங்கில் அமர்ந்திருப்போர் அவர்களே.

இது வெறும் உருவகமன்று. டேவிட் பார்க்கர் 1980களிற் பிரித்தானியப் பிறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்து, கருவிலும் சிசுப் பருவத்திலும் உணவின்றி வாடிய உடல் பிற்காலத்தில் இதயநோய்க்கும் நீரிழிவுக்கும் எளிதில் இரையாகின்றது என்ற கருதுகோளை முன்வைத்தார். 1944-45 ஒல்லாந்துப் பஞ்சத்திற் கருவில் இருந்தோரைப் பின்தொடர்ந்த ஆய்வுகள் அதற்கு வலுச்சேர்த்தன. பூனாவில் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் கண்டது எமக்கு இன்னும் நெருக்கமானது: இந்தியக் குழந்தை எடை குறைந்து பிறந்தும், தசை மெலிந்து கொழுப்பு மிகுந்திருந்தது. 2004இல் அவரும் ஆங்கிலேயரான யட்கினும் தம்மிருவர் உடலையே சான்றாக்கி ஒரு குறிப்பு வெளியிட்டனர். இருவர்க்கும் உடற்றிணிவுச் சுட்டெண் 22.3. யட்கினின் உடலிற் கொழுப்பு 9.1 வீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 வீதம். தராசு ஒரே எண்ணைக் காட்டியது. உடல்கள் இரண்டு வரலாறுகளைக் கூறின. ஆசிய மக்களுக்கு அச்சுட்டெண் 23ஐத் தாண்டும்போதே இடர் தொடங்குகின்றதென அவ்வாண்டிலேயே உலக சுகாதார நிறுவன நிபுணர் குழு அறிவுறுத்தியது.

இதன் விளைவாக ஒரு முரண் எழுகின்றது. 2016ஆம் ஆண்டுச் சனத்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடளாவிய நிலையில் ஏறத்தாழ 17 வீதம். தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 வீதம். குள்ளமான பிள்ளையும் வயிறு பருத்த தாயும் ஒரே லயக் காம்பராவில் வாழ்கின்றனர். பசி போய்ப் பருமன் வந்தது என்று கூறுவோர் இதனைக் காணவில்லை. பசி போகவில்லை. நாள்முழுதும் மலையில் ஏறியிறங்கிக் கொழுந்து பறித்த காலத்தில் எரிந்துபோன மாப்பொருள், அப்பெண் பெயர் வெட்டப்பட்டோ ஓய்வுபெற்றோ வீட்டிலிருக்கும் காலத்தில் எரியாமற் சேர்கின்றது, அவ்வளவே. தசைக்கும் எலும்புக்கும் வேண்டிய புரதம் அன்றும் தட்டில் இல்லை, இன்றும் இல்லை. கடைசியாக உண்பவளும் அவளே.

நமது இலக்கியமும் இம்மாற்றத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ தொட்டுக் கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’, தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ வரை தோட்டப் பெண்ணின் உடல் மெலிந்த உடலாகவே எம் மனத்திற் பதிந்துள்ளது. பருத்த உடல் முற்போக்கு எழுத்தில் எப்பொழுதும் எதிரியின் உடல்: கடை முதலாளியின் தொப்பை, பெரிய கங்காணியின் தொந்தி. எமது கேலிச்சித்திரங்களும் அவ்வாறே. அக்குறியீடு அதன் காலத்தில் உண்மையானது. மலிவான மாப்பொருள் உலகச் சந்தையை நிரப்பியபின் அது தலைகீழாயிற்று. நகரத்துச் செல்வன் உடற்பயிற்சிக் கூடத்தில் மெலிகின்றான், தோட்டத்து ஏழை பருக்கின்றாள். பழைய குறியீட்டோடு எழுதும் கதாசிரியன் இப்பெண்ணை வர்க்க எதிரியாகக் கண்டுவிடும் ஆபத்துக்கூட உண்டு. சோம்பல், நாவடக்கமின்மை என்று மேல்தட்டு வர்க்கம் அவள்மீது சுமத்தும் பழிக்கு எமது எழுத்தும் அறியாமலே துணைபோகலாம்.

5

2024இல் வர்த்தமானி வழி நிர்ணயிக்கப்பட்ட தோட்ட நாட்கூலி 1,350 ரூபா. அதுவும் நிர்ணயித்த அளவு கொழுந்து பறித்தாற்றான்; குறையின் அரைப்பேர். 2022ஆம் ஆண்டு நெருக்கடியிற் கோதுமை மாவின் விலை பன்மடங்கு ஏறியபோது ரொட்டியே சிறுத்தது. அப்பொழுதும் அதனிடத்தைக் கடலை பிடிக்கவில்லை, ஒருவேளைப் பட்டினியே பிடித்தது. கடலையை இரவே ஊறவைக்க வேண்டும், ரொட்டி சுடும் நேரத்தினும் நெடுநேரம் அது அடுப்பில் நிற்கவேண்டும், விறகு வேண்டும். சுவந்தெல், களு ஹீனட்டி முதலிய பாரம்பரிய அரிசிகள் ‘தாழ்ந்த கிளைசீமியச் சுட்டெண்’ என்ற சிட்டையோடு கொழும்புப் பேரங்காடிகளில் விற்கப்படுகின்றன. விலையும் அச்சிட்டைக்கேற்ப உயர்ந்ததே. வறியவனின் பழைய உணவு செல்வனின் புதிய மருந்தாகிவிட்டது.

தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியல்களில் கூலியும் கொழுந்தின் கிலோவும் முதன்மை பெற்றன. உணவுக்கான நேரமும் லயத்தைச் சுற்றிய ஒரு துண்டு நிலமும் அவற்றில் அருகியே இடம்பெற்றன. பேச்சுவார்த்தை மேசையில் அமர்ந்தோர் பெரும்பாலும் ஆண்கள். அவர்களுக்கு ரொட்டி சுட்டபடியே கைக்கு வந்தது. 1973இற் கர்ப்பிணித் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்குமெனத் தொடங்கிய திரிபோஷ சோளமும் சோயாவும் கலந்த சத்துமா; அவரையினப் புரதத்தைக் கூலிக்கு வெளியே நின்று தோட்டத்துக்கும் கொண்டுவந்த அரிய ஏற்பாடுகளுள் அது ஒன்று. பஞ்சகாலத்தின் நடுவே அது தொடங்கியது. அதனை உண்ட தாய்மாரின் பிள்ளைகளும் உண்ணாதோரின் பிள்ளைகளும் நடுவயதில் எத்தகைய உடலைப் பெற்றனர் என்று எவரேனும் தேடினால், பார்க்கர் பிரித்தானியாவிற் செய்த பணியை இங்கும் செய்யலாம். அதற்கு வேண்டிய பொருள் வெளிநாட்டில் இல்லை. தோட்டங்களின் பிறப்பு இறப்புப் பதிவேடுகளும், தாயொருத்தி எந்தெந்த நாளில் முழுப்பேர் பெற்றாள், எந்நாளில் அரைப்பேர் பெற்றாள் என்பதைக் காட்டும் செக்ரோல்களுமே அப்பொருள். நிர்வாகம் 1975இல் அரசுக்கும் 1992இற் கம்பனிகளுக்குமாகக் கைமாறிய காலங்களில் இவற்றுட் பல கறையானுக்கும் அடுப்புக்கும் இரையாகியிருக்கலாம். எஞ்சியவை பழைய தோட்டக் காரியாலயங்களின் அலுமாரிகளில் இருக்கக்கூடும். எமது பல்கலைக்கழகங்களின் தமிழ், வரலாறு, மருத்துவத் துறைகளின் மாணவர்கள் சேர்ந்து அவற்றைத் தேடிப் படியெடுக்கும் பணியைக் கேகாலை மாவட்டத்திலிருந்து தொடங்கலாம்.